நூறாவது காயும் நாற்பது சீட்டும்



போன வாரம் தோப்பில் காய் போட்டோம். 45 நாளைக்கு ஒரு தரம் வருகிற வேலைதான். மட்டை உரித்த காயை வண்டியில் ஏற்றும்போது எண்ணுவதற்கென்றே ஓர் அண்ணன் வருவார். பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் ஒதுங்காத மனுஷன். கைக்கு ரெண்டு காய், ஒரு வீச்சுக்கு நாலு. வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். இருபத்தஞ்சாவது வீச்சில் மூணு காய் மட்டும் வண்டிக்குப் போகும். மிச்சமிருக்கிற அந்த நூறாவது காயைப் பக்கத்தில் விரித்த சாக்கின் மேல் வைப்பார். மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பிப்பார்.

வேடிக்கை பார்க்க வந்த ரெண்டாவது படிக்கிற குட்டிப் பாப்பா கேட்டது: "ஏன் மாமா, அந்தக் காயை மட்டும் ஏத்தாம வச்சிருக்காங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சாவது படிக்கிற பையன் ஒருத்தன் பதில் சொன்னான். "அது ஒரு காய் இல்ல பாப்பா, நூறு காய்."

"ஒண்ணுதானே இருக்கு?"

"காய் ஒண்ணுதான். அது உக்காந்திருக்கிற எடம் நூறு."

கடைசியில் சாக்கின் மேல் 23 காய், கையில் எண்ணி முடிக்காமல் நின்றது 48. மொத்தம் 2348 என்று அண்ணன் சொல்லுமுன்னே அந்தப் பையன் சொல்லிவிட்டான்.

நகரத்தில் இருக்கிற உங்களுக்கு இதில் என்ன பெரிய அதிசயம் என்று தோன்றலாம். போன வருஷம் இதே பையன் முந்நூத்தி ஏழு என்று சொன்னால் 3007 என்று எழுதிக்கொண்டிருந்தான். அங்கிருந்து இங்கே அவன் வந்த கதையைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். கதையில் ஒரு சீட்டுக்கட்டும், ஒரு சண்டையும், கொஞ்சம் பழைய கல்யாணப் பத்திரிகைகளும் உண்டு.

காது கேட்டதைக் கை எழுதும்

எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலமானால் ஏழெட்டுப் பிள்ளைகள் சேரும். நான் வாத்தியார் இல்லை. மோட்டாரைப் போட்டுவிட்டுத் தண்ணீர் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் எனக்கும் வேலை இல்லை, அதுகளுக்கும் போக்கிடம் இல்லை. வீட்டுப்பாடம் எழுதும், சண்டை போடும், பொரி கொடுத்தால் தின்னும். அவ்வளவுதான் ஆரம்பம்.

இந்தப் பையன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது கொரோனா வருஷத்தில். 2021 நவம்பர் 1-ம் தேதிதான் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. அடுத்த ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அட்டையும் படமும் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. எங்கள் பள்ளியில் ரெண்டே டீச்சர்கள், அஞ்சு வகுப்பு. அவர்களும் எத்தனை பேரைத்தான் கையைப் பிடித்து எழுத வைப்பார்கள்?

பையனுக்கு "ஒன்று, பத்து, நூறு, ஆயிரம்" என்று கட்டம் போடத் தெரியும். 463-ல் 6-இன் இடமதிப்பு என்ன என்று கேட்டால் "பத்து" என்று டக்கென்று சொல்வான். ஆனால் முந்நூத்தி ஏழு என்றால் 3007. இருநூத்தி முப்பத்தி நாலு என்றால் 200304. வீட்டில் அவனுக்கு மக்கு என்று பேர் வைத்துவிட்டார்கள். அவனும் அதை ஒத்துக்கொண்டான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. பத்து வயசுக்குள் ஒரு பிள்ளை தன்னை மக்கு என்று ஒத்துக்கொண்டால், அப்புறம் எந்தக் கணக்கு வாத்தியார் வந்தும் பிரயோசனமில்லை.

நிதானமாக யோசித்தால் அவன் எழுதியதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. இருநூறு என்றதும் 200 போடுகிறான். முப்பது என்றதும் 30. நாலு என்றதும் 4. காதில் விழுந்த வரிசையில் கை எழுதுகிறது. நம்ம முன்னோர் எழுதியதும் கிட்டத்தட்ட அப்படித்தான். பழைய தமிழ் எண்ணில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி எழுத்து. 234 என்பதை ௨௱௩௰௪ என்று எழுதுவார்கள். ரெண்டு நூறு, மூணு பத்து, நாலு. வாயால் சொல்வது அப்படியே எழுத்தில் வந்துவிடும். அந்த முறையில் சைபரே தேவைப்படவில்லை.

இப்போது நாம் எழுதுகிற முறை வேறு. நூறு என்கிற வார்த்தையை எழுதுவதே இல்லை. ஓர் எண் எங்கே நிற்கிறது என்பதே அது நூறா, பத்தா என்று சொல்லிவிடும். பேச்சில் நூறும் பத்தும் காதில் கேட்கும், எழுத்தில் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் விழுகின்றன.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. இருபது, முப்பது, நாற்பது என்று பத்துகளெல்லாம் "பது" என்று முடியும். ஆனால் ஒற்றை எண்ணான ஒன்பதும் "பது" என்றே முடிகிறது. எண்பதுக்கு அடுத்தது தொண்ணூறு, அதற்குள் ஒரு "நூறு" இருக்கிறது. எண்ணூறுக்கு அடுத்தது தொள்ளாயிரம், அதற்குள் ஓர் "ஆயிரம்". ஒன்பது வருகிற இடத்திலெல்லாம் வார்த்தை ஒரு படி மேலே ஏறி நின்றுகொள்கிறது. தொள்ளாயிரத்தி அஞ்சு என்று சொன்னால் ஆயிரம் என்று காதில் விழுகிற பிள்ளை நாலு இலக்கத்துக்கு இடம் விட்டால் அதில் என்ன குற்றம்? நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை.

சீட்டுக்கட்டை எடுத்தேன்

ஒரு மழை நாள். பிள்ளைகள் கழுதை ஆடிக்கொண்டிருந்தன. தெரியும்தானே, கடைசியில் கையில் சீட்டு மிஞ்சியவன் கழுதை. நம்ம பையன் அதில் கில்லாடி. எவன் கையில் இஸ்பேடு தீர்ந்துவிட்டது, எவன் ராஜாவை ஒளித்து வைத்திருக்கிறான் என்பதெல்லாம் அவன் தலைக்குள் ஓடுகிறது. இவ்வளவு ஞாபகம் வைத்துக்கொள்கிற பிள்ளை எப்படி மக்காக இருக்கும்?

கட்டை வாங்கினேன். ஜாக்கியையும் ராஜாவையும் எடுத்து வைத்தேன். ஏஸ் ஒன்று. 2 முதல் 9 வரை அப்படியே. ராணிதான் சைபர். 10 என்று அச்சடித்த சீட்டையும் எடுத்துவிட்டேன். "பத்தை ஏன் மாமா எடுக்கறீங்க?" என்று கேட்டான். "பத்துக்குத் தனி எழுத்து கெடையாது கண்ணு. ஒண்ணும் சைபரும் சேந்தாத்தான் பத்து. அதான் சீட்டும் ரெண்டு வேணும்" என்றேன். மிச்சம் 40 சீட்டு. 0 முதல் 9 வரை ஒவ்வொன்றிலும் நாலு.

முதல் ஆட்டத்துக்குப் பிள்ளைகளே வைத்த பேர் "வச்சது வச்சதுதான்". திண்ணையில் சாக்பீஸால் ஆளுக்கு மூணு கட்டம். நூறு, பத்து, ஒண்ணு. கட்டைக் கவிழ்த்து வைத்து, முறை வைத்து ஆளுக்கு ஒரு சீட்டாக எடுக்க வேண்டும். எடுத்த சீட்டை உடனே ஏதாவது ஒரு கட்டத்தில் வைத்துவிட வேண்டும். வைத்தபின் நகர்த்தக் கூடாது. மூணு சீட்டும் வைத்தபின் யாருடைய எண் பெரிசோ அவருக்கு ஒரு புளியங்கொட்டை. ஆனால் எண்ணை வாய்விட்டுப் படித்தால்தான் கொட்டை. தப்பாகப் படித்தால் அடுத்தவருக்குப் போய்விடும்.

முதல் நாளே ஒரு சண்டை. ஒரு பொண்ணுக்கு 5, 9, 8 என்று சீட்டு வந்தது. முதலில் வந்த அஞ்சை நூறில் வைத்துவிட்டாள். 598. நம்ம பையனுக்கு முதலில் 4. பத்தில் வைத்தான். அடுத்து 9, நூறில் வைத்தான். கடைசியாக 2. மொத்தம் 942.

"எங்கிட்டத்தான் பெரிய பெரிய சீட்டா இருக்கு! அவங்கிட்ட ஒரே ஒரு ஒம்பதுதான்! நான்தான் ஜெயிச்சேன்!" என்று அவள் கத்தினாள். கூட்டிப் பார்த்தால் அவளுடையது 22, அவனுடையது 15. நியாயமான கோபம்தான். நான் எதுவும் சொல்லவில்லை. பையன் சொன்னான்: "உன்ர ஒம்பது தொண்ணூறு. என்ர ஒம்பது தொள்ளாயிரம்."

கட்டம் போட்டு இடமதிப்பு எழுதுகிறபோது வராதது ஆட்டத்தில் எப்படி வந்தது? என் யோசனைக்கு எட்டியது இதுதான். பாடத்தில் 6-இன் இடமதிப்பு பத்து என்று எழுதினாலும் நூறு என்று எழுதினாலும் பிள்ளைக்கு எதுவும் நடப்பதில்லை. சிவப்பு மையில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். ஆட்டத்தில் அந்த 6-ஐ எங்கே வைப்பது என்று அவனே முடிவெடுக்க வேண்டும். நூறில் வைத்தால் அப்புறம் 9 வந்தால் வீணாகிவிடும். பத்தில் வைத்தால், இனி பெரிசாக எதுவும் வராமலே போகலாம். கையில் சீட்டை வைத்துக்கொண்டு அவன் தவிக்கிற அந்த அஞ்சு நொடியில் நூறு, பத்து, ஒண்ணு மூணையும் மனசுக்குள் எடை போட்டுவிடுகிறான்.

ரெண்டு வாரம் கழித்து விதியைத் திருப்பிப் போட்டோம். சின்ன எண்ணுக்குத்தான் கொட்டை. அன்றைக்கு ராணிக்கு அடிதடி. முதல் நாள் யாரும் சீந்தாத சைபர், நூறில் உட்கார்ந்தால் ஆட்டத்தையே ஜெயித்துக் கொடுக்கிறது.

சண்டை

அந்த வாரத்தில்தான் பையனின் அம்மா வந்தார். வாசலில் நின்றபடியே, திண்ணையில் பரப்பியிருந்த சீட்டைப் பார்த்தார்.

"ஏனுங்ணா, ஏற்கெனவே ஒரு சீட்டாட்டக்காரரைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு பத்தாதுங்ளா? இவனுக்கும் பழக்கி உடறீங்ளா?"

அவர் வீட்டுக்காரர் ஆடுகிற ஆட்டம் ஊருக்கே தெரியும். உள்ளே வெளியே. ரெண்டு வெள்ளாட்டுக் குட்டியும் ஒரு செல்போனும் அதில் போயிருக்கிறது. நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போய்க் குடும்பத்தை இழுக்கிற அம்மா. கிராமத்தில் சீட்டு என்றால் நகரத்தில் மாதிரி ரயில் பயணத்துப் பொழுதுபோக்கு இல்லை. புளியமரத்தடி, பாட்டில், கடன், அடி, உதை. அந்த அட்டையைப் பார்த்தாலே அவருக்கு வயிறு கலங்குகிறது. சீட்டில் தப்பில்லை, காசு வைப்பதில்தான் தப்பு என்று வாதாட ஆரம்பித்தால் விடிய விடிய வாதாடலாம். அதனால் அவருக்கு என்ன ஆகப்போகிறது?

"செரிங்க. இந்தக் கட்டு இனி திண்ணைக்கு வராது" என்று சொல்லி எடுத்து உள்ளே வைத்தேன். பையன் அம்மாவோடு போய்விட்டான். மூணு நாள் வரவேயில்லை.

நாலாவது நாள் எங்கள் வீட்டு ஆத்தா ஒரு வழி சொன்னது. பரணில் ஒரு மூட்டை பழைய கல்யாணப் பத்திரிகை கிடந்தது. சாமி படமும் பேரும் போட்டது என்று குப்பையில் போடவும் மனசு வராமல் சேர்த்து வைத்தது. கெட்டி அட்டை, உள் பக்கம் சுத்த வெள்ளை. பிள்ளைகளைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னேன். 0 முதல் 9 வரை நாலு நாலாக 40 அட்டை. ராணியும் இல்லை, இஸ்பேடும் இல்லை. வெறும் எண். பள்ளிக்கூடத்து அட்டை மாதிரியே ஆகிவிட்டது. எங்கள் ஊர்ப் பெரிய பிள்ளைகளுக்கு அது புதுசும் இல்லை. செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் தமிழ்நாடு முழுக்க வந்தபோது ஏணிப்படியும் அட்டையுமாகப் படித்தவர்கள்தான்.

பையனின் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல காசு வைப்பாங்ளா?" என்றார். "கொட்டைதானுங்க. அதுவும் சாயங்காலம் எண்ணித் திருப்பி வாங்கிக்குவேன்." மறுநாள் பையன் வந்தான். அவரும் கூடவே வந்து திண்ணை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். நம்பிக்கை இன்னும் வரவில்லை. காவல் காக்க வந்தார்.

துண்டு போட்ட சீட்டு

பத்திரிகை அட்டையில் இன்னொரு வசதி இருந்தது. வேண்டிய அளவில் வெட்டலாம். நீளமான அட்டையில் 100, 200, 300 முதல் 900 வரை எழுதினோம். அதைவிடக் கொஞ்சம் சின்ன அட்டையில் 10, 20, 30 முதல் 90 வரை. எல்லாவற்றிலும் சின்னதில் 1 முதல் 9 வரை. வலது ஓரத்தைச் சமமாக வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். 200-இன் மேல் 30, அதன் மேல் 4. மேலே இருந்து பார்த்தால் 234.

200304 என்று எழுதிய பையன் அந்த அடுக்கைக் கலைத்துக் கலைத்துப் பார்த்தான். மேலே 234, பிரித்தால் 200, 30, 4. அவன் எழுதியதெல்லாம் உள்ளேயே இருக்கிறது, ஒன்றை ஒன்று மூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அவன் காதும் சரி, கணக்கும் சரி. அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் மேலே மேலே அடுக்க வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி.

அப்புறம் 307. 300-இன் மேல் 7-ஐ வைத்தான். நடுவில் சைபர் எட்டிப் பார்த்தது.

"அந்த சைபர் எதுக்குடா? ஒண்ணுமில்லாததுதானே, எடுத்துரலாமா?" என்று சும்மா கேட்டேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "வேண்டாங் மாமா. அது பஸ்ல துண்டு போட்டு எடம் புடிச்ச மாதிரி. ஆளு இல்ல. ஆனா எடுத்தா மூணு எறங்கி வந்து பத்துல உக்காந்துக்கும்."

நான் எத்தனையோ பேர் சைபருக்கு விளக்கம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதற்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை.

இந்தத் துண்டு எவ்வளவு முக்கியம் என்பது நிலம் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். ஊரில் பூர்வீகச் சொத்து இருக்கிற நகரத்து நண்பர்கள் பட்டாவை எடுத்துப் பாருங்கள். பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். 100 ஏர் ஒரு ஹெக்டேர். 0 - 40.50 என்றால் சுமார் ஓர் ஏக்கர். 0 - 04.50 என்றால் 11 சென்ட்தான். இலக்கங்கள் அதேதான். துண்டு விழுந்த இடம்தான் வேறு.

பேங்க் அக்கா

காவலுக்கு வந்த அம்மா ஒரு வாரம் பேசாமல் பார்த்தார். அப்புறம் பேங்க் ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைந்தது. அவரையே பேங்க் ஆக்கினோம்.

ஆட்டம் இதுதான். ஒரு சீட்டு எடுத்தால் அதில் எத்தனையோ அத்தனை புளியங்கொட்டை பேங்கில் வாங்கிக்கொள்ளலாம். கையில் பத்துக் கொட்டை சேர்ந்ததும் பேங்கில் கொடுத்து ஓர் ஈர்க்குச்சி வாங்க வேண்டும். பத்து ஈர்க்குச்சி சேர்ந்தால் ஒரு தேங்காய்ச் சிரட்டை. சிரட்டை முதலில் யார் கைக்கு வருகிறதோ அவர் ஜெயித்தார். ஒரே விதி, ஒன்பது கொட்டைக்கு மேல் யார் கையிலும் இருக்கக் கூடாது. மாற்ற மறந்தால் பேங்க் அபராதம் போடும்.

அந்த அம்மா பேங்க்காக உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவருக்குக் கணக்கு தண்ணி பட்ட பாடு. "ஏழு இருக்குது, ஆறு எடுத்திருக்கிற. பதிமூணு. பத்தைக் குடு, குச்சிய வாங்கு, மூணு வச்சுக்க." கண் இமைக்கிற நேரம். சில்லறை மாற்றுகிற கை அது. களையெடுப்புக் கூலியை நாள்கணக்கில் பெருக்குவதும் அப்படித்தான், வாயிலேயே வந்துவிடும். எழுதிக் காட்டச் சொன்னால்தான் தயங்குவார்.

திருப்பி விளையாடுவதும் உண்டு. கையில் ஒரு சிரட்டையை வைத்துக்கொண்டு, எடுக்கிற சீட்டுக்குத் தக்கபடி பேங்குக்குக் கட்டிக்கொண்டே வர வேண்டும். சிரட்டையை வைத்துக்கொண்டு ஏழு கொட்டை எப்படிக் கட்டுவது? சிரட்டையை உடைத்துப் பத்துக் குச்சி, ஒரு குச்சியை உடைத்துப் பத்துக் கொட்டை. அப்புறம்தான் ஏழு கட்ட முடியும். மிச்சம் ஒன்பது குச்சி, மூணு கொட்டை. பள்ளியில் கடன் வாங்கிக் கழித்தல் என்று சொல்கிறார்களே, அது இதுதான். இந்தக் கழித்தலில் யாரும் யாரிடமும் கடன் வாங்குவதில்லை, நோட்டைச் சில்லறையாக மாற்றுகிறோம், அவ்வளவுதான் என்று அந்த அம்மாவே பிள்ளைகளுக்குச் சொன்னார்.

ஒரு நாள் ஆட்டம் முடிந்து பிள்ளைகள் போனபின், சேலை முந்தானையிலிருந்து மகளிர் குழு பாஸ்புக்கை எடுத்தார்.

"இதுல எவ்வளவு பாக்கின்னு போட்டிருக்குதுங்ணா? குழுத் தலைவி சொல்றதைத்தான் கேட்டுக்கறது. பத்தாயிரத்து அம்பதா, பத்தாயிரத்து ஐநூறா?"

நான் வாங்கவில்லை. "நீங்களே பாருங்க. சீட்டு மாதிரிதான். வலது கைப்பக்கம் இருந்து வாங்க."

விரலை வைத்தார். "ஒண்ணு... பத்து... நூறு..." நூறில் விரல் நின்றது. அங்கே 5 இருந்தது. "நூறுல அஞ்சு. அப்ப ஐநூறு. பத்தாயிரத்து ஐநூறு." இன்னொரு தரம் வலமிருந்து வந்து சரிபார்த்தார். தலைவி சொன்னதும் அதே தொகைதான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதுநாள் வரை நம்பியது வேறு, அன்றைக்குத் தெரிந்துகொண்டது வேறு. பாஸ்புக்கை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனார்.

பெரிய பிள்ளைகளுக்கு

நாலாவது அஞ்சாவது பிள்ளைகளுக்கு இன்னும் மூணு ஆட்டம் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஆடிப் பாருங்கள்.

"நூறைத் தொடு": ஆளுக்கு ஆறு சீட்டு. அதில் நாலை எடுத்து ரெண்டு ஈரிலக்க எண் செய்ய வேண்டும். ரெண்டையும் கூட்டினால் நூறுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு நல்லது. 2, 5, 7, 4, 8, 1 வந்தால் 52-ம் 48-ம் வைத்து நூறையே தொட்டுவிடலாம்.

"ஆளைத் தூக்கு": நாலு சீட்டில் ஓர் எண்ணை வைக்க வேண்டும், உதாரணத்துக்கு 4573. எதிராளி "ஏழைத் தூக்கு" என்பார். ஒரே கழித்தலில் அந்த 7 இருந்த இடத்தில் சைபர் வர வேண்டும், மற்றது எதுவும் மாறக் கூடாது. 7-ஐக் கழித்தால் நடக்காது. 70-ஐக் கழித்தால்தான் 4503 வரும்.

மூணாவது, கப்ரேக்கர் ஆட்டம். மகாராஷ்டிராவில் தேவலாலி என்கிற ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர் (1905-1986). பெரிய பட்டமெல்லாம் இல்லாமல் எண்களோடே வாழ்ந்த மனுஷன். அவர் கண்டுபிடித்த விசித்திரத்தை மூணு சீட்டிலேயே செய்து பார்க்கலாம். 8, 3, 1 என்று வந்தால் அதில் பெரிய எண் 831, சின்ன எண் 138. கழித்தால் 693. மறுபடி 963-லிருந்து 369. வருவது 594. மறுபடி 954-லிருந்து 459. 495. இனி எத்தனை தரம் செய்தாலும் 495-தான். மூணும் ஒரே எண்ணாக இல்லாமலிருந்தால் எந்த மூணு சீட்டை எடுத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். நடுவில் 99 என்று ரெண்டு இலக்கமாக வந்தால் துண்டு போட்டு 099 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சீட்டு வைத்து ஆடினால் 6174. கிணற்றுக்குள் எங்கே கல்லைப் போட்டாலும் அடிக்குத்தான் போகும் என்கிற மாதிரி. எங்கள் பிள்ளைகள் இதைப் பேய்க்கணக்கு என்று சொல்லி, ஊரில் எல்லாரையும் பிடித்து உட்கார வைத்துச் செய்து காட்டுகின்றன.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பையனுக்கு லட்சத்தைத் தாண்டினால் இன்னும் தடுமாற்றம்தான். வகுத்தல் அவனுக்கு வேப்பங்காய். அவன் அப்பா இன்னும் புளியமரத்தடிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். 40 அட்டையால் அதையெல்லாம் மாற்ற முடியாது. ஆனால் மக்கு என்று யாராவது சொன்னால் "வாங்க, ஒரு ஆட்டம் போட்டுப் பாக்கலாம்" என்கிறான் இப்போது.

நகரத்தில் இருக்கிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை. இதற்குச் செயலியும் வேண்டாம், விலை கொடுத்து வாங்கும் பெட்டியும் வேண்டாம். வீட்டில் கல்யாணப் பத்திரிகை இல்லாமலா இருக்கும்? பிள்ளையையே வெட்டச் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள். எண்ணை வாய்விட்டுப் படித்தால்தான் புள்ளி என்கிற விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். பிள்ளை தப்பான கட்டத்தில் வைக்கும்போது கையைப் பிடிக்காதீர்கள். தோற்கட்டும். அடுத்த ஆட்டத்தில் அதுவே தள்ளி வைக்கும். நீங்களும் நிஜமாகவே ஆடுங்கள். விட்டுக்கொடுத்தால் அதுகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போடணும். மாட்டுக்கும் இன்னும் தண்ணி காட்டவில்லை. உங்கள் வீட்டில் ஆடிப் பார்த்துவிட்டு, யார் ஜெயித்தார்கள் என்று எழுதுங்கள்.